மருந்தகத்தில் கத்தி இல்லை

ஆடி மாதம் படவேட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வேலூர் - திருவண்ணாமலை சாலையில் சந்தவாசலில் பிரிந்தால், அங்கிருந்து வழி முழுக்க வேன், ஷேர் ஆட்டோ, மஞ்சள் புடவை, வேப்பிலை, பம்பைச் சத்தம். எதிரே ஜவ்வாது மலை. இரண்டு பக்கமும் வாழை. அத்தனை கூட்டமும் ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறது.

சென்ற ஆடியில் நானும் போனேன். அம்மனைப் பார்க்க அல்ல. ஒரு நாயைப் பார்க்க.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கட்டுரையே அந்தச் சிரிப்பைப் பற்றித்தான்.

நண்பர் ஒருவர் அங்கே இருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் வாழை, கொஞ்சம் நெல், இரண்டு பசு மாடு. ராணி என்று ஒரு நாட்டு நாய். செவலை நிறம், ஏழு வயது. ஊர் நாய்தான். குட்டியாக இருக்கும்போது மழையில் நனைந்து திண்ணையில் ஏறியது, அப்புறம் இறங்கவே இல்லை. ராத்திரியில் வாழைத் தோப்புக்குள் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

ஒருநாள் ராணி சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடித்தது. அதற்கு ஒன்றரை மாதம் முன்பு பருவத்துக்கு வந்து போயிருந்தது. பக்கத்தில் ஊசி போடுகிற ஒருவரைக் கூப்பிட்டார்கள். ஆன்டிபயாடிக் ஒன்று, சத்து ஊசி ஒன்று. இரண்டு நாளில் நாய் எழுந்து கொஞ்சம் கஞ்சி குடித்தது. அப்படியும் நண்பருக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவருக்குப் போன் போட்டார். அவர் நாலு கேள்வி கேட்டுவிட்டு, “கர்ப்பப்பையில சீழ் பிடிச்சிருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பாருங்க. அதுதான்னா ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்” என்று சொன்னார்.

ஆபரேஷன் என்றால் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். வண்டி பிடிக்க வேண்டும். அறுவடை நேரம். போதாததற்கு தெருவே கூடி நின்று கேட்டது: “இன்னா வாத்தியாரே, நாய்க்குப் போயி ஆப்ரேசனா?”

நண்பர் எனக்குப் போன் செய்தார். “ஊசியிலேயே கொஞ்சம் தேறின மாதிரி இருக்கு. ஆபரேஷன்னு சொல்றாங்க. என்ன பண்ணலாம், சொல்லுங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மருந்துலயே கேக்குதுல்ல, ரெண்டு நாள் பாருங்களேன்.”

அந்த வாக்கியத்தை எந்தத் தகுதியில் சொன்னேன்? எந்தத் தகுதியிலும் இல்லை. கத்தி என்றால் பயம். மருந்து என்றால் சாந்தம். செலவும் குறைச்சல். நம் எல்லோருக்கும் இருக்கிற அதே எண்ணம்தான்.

இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் வயிறு உப்பிவிட்டது. நாயால் நிற்க முடியவில்லை. அப்புறம் வண்டி கிடைத்தது. வண்டிக்காரர் கேட்ட தொகை, ஆபரேஷன் செலவைவிட அதிகம். ஸ்கேன் பார்த்த டாக்டர் அன்றிரவே அறுத்துக் கர்ப்பப்பையை எடுத்தார். முழுக்கச் சீழ். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தது. மூன்றாம் நாள் ராணி செத்துப்போனது. “நாலு நாள் முன்னாடி வந்திருக்கலாமே சார்” என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. பலரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்.

நான் போய்ப் பார்த்தது வாழைத் தோப்பின் ஓரத்தில் ஒரு மண் மேட்டை.

தெருவில் இப்போது என்ன பேச்சு தெரியுமா? “சொன்னோமே, கேட்டியா வாத்தியாரே? ஆப்ரேசன் பண்ணாம வுட்டிருந்தா பொழச்சிருக்கும்.”

இதைத்தான் சும்மா விடக் கூடாது. ராணியைக் கொன்றது கத்தி அல்ல. கத்திக்கு முன்னால் போன நாட்கள். அதில் இரண்டு நாள் என்னுடையது.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டில் பெண் நாய் வைத்திருப்பவர்கள் கட்டாயம். பருவம் முடிந்த சில வாரங்களில் ஹார்மோன் காரணமாகக் கர்ப்பப்பைச் சுவர் தடித்து, உள்ளே கிருமி புகுந்து சீழ் கட்டுகிறது. வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வடியும், கண்ணுக்குத் தெரியும். மூடியிருந்தால் எதுவும் தெரியாது. வயிறு மட்டும் பெருக்கும், தாகம் எடுக்கும், விஷம் ரத்தத்தில் ஏறும். ஆன்டிபயாடிக் போட்டால் ரத்தத்தில் இருக்கிற கிருமி கொஞ்சம் அடங்கும். நாய் எழுந்து கஞ்சி குடிக்கும். நாமும் ஏமாறுவோம். சீழ் மூட்டை அப்படியே உள்ளே இருக்கும். கர்ப்பப்பையைச் சுருங்கவைத்துச் சீழை வெளியேற்றும் மருந்துகளும் உண்டு. ஆனால் அவை இளம் நாய்க்கு, வாய் திறந்திருக்கிற நிலையில், இனப்பெருக்கம் வேண்டும் என்பவர்களுக்கு, தினமும் டாக்டர் பார்வையில் கொடுக்கப்படுபவை. அப்படியும் நோய் திரும்பி வரலாம். மற்றபடி இதற்குச் சிகிச்சை ஆபரேஷன்தான். அபூர்வ நோயும் இல்லை. சுவீடனில் நாய்களுக்கான காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்து 2001-ல் வெளியான ஆய்வின்படி, பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் நாய்க்கு இது வருகிறது.

‘ஆக, எதுவானாலும் ஆபரேஷன் பண்ணிவிட வேண்டியதுதானா?’ என்று கேட்பீர்கள். இல்லை. அதே தெருவில் இன்னொரு கதை இருக்கிறது.

மூன்று வீடு தள்ளி ஒரு கறுப்பு ஆண் நாய். அதன் உறுப்பில் காலிஃபிளவர் மாதிரி ஒரு கட்டி, சொட்டுச் சொட்டாக ரத்தம். இதைப் பல ஊர்த் தெரு நாய்களிடம் பார்த்திருப்பீர்கள், பார்த்து முகத்தைத் திருப்பியிருப்பீர்கள். இது புற்றுநோய். அதிலும் ஒட்டிக்கொள்கிற புற்றுநோய். இணை சேரும்போதும், நக்கும்போதும், முகரும்போதும் ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் புற்றுச் செல்லே குடிபெயர்கிறது. ஆசியாவில் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயிடம் தோன்றிய செல்கள்தான் இன்றுவரை உலகம் முழுக்க நாய் விட்டு நாய் தாவிக்கொண்டிருக்கின்றன என்று 2019-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது.

இந்தக் கறுப்பனுக்கு யாரோ இரண்டு தடவை கட்டியை அறுத்துவிட்டிருக்கிறார்கள். இரண்டு தடவையும் திரும்ப வளர்ந்தது. ஏனென்றால் இந்த நோயில் கத்தியை மட்டும் நம்பினால் பல நாய்களுக்கு அது மறுபடி வரும். இதற்கு முதல் சிகிச்சை வின்கிரிஸ்டின் என்ற ஊசி மருந்து. வாரம் ஒன்று. பெரும்பாலான நாய்களுக்கு நாலு முதல் ஆறு ஊசியில் கட்டி கரைந்து காணாமல் போய்விடும். கறுப்பனுக்கு நாலு ஊசி. இன்று அது தெருவில் ராஜநடை போடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. வின்கிரிஸ்டின் எதிலிருந்து வருகிறது? நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. சுடுகாட்டு மல்லி என்று நாம் பெயர் வைத்து ஒதுக்கிய அதே செடி. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் அதுதான் மருந்து. விலையும் அதிகமில்லை. அதற்காக இலையைப் பறித்து அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது கடும் விஷம். ஊசி மருந்தே நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகிவிடும். கையுறை போட்டு, பழகிய டாக்டர்தான் போட வேண்டும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே தெரு. கத்தி தேவைப்பட்ட நாய்க்கு ஊசி. ஊசி தேவைப்பட்ட நாய்க்குக் கத்தி. இரண்டிலும் முடிவெடுத்தது நோய் அல்ல. கையில் எது இருந்ததோ, யார் பக்கத்தில் இருந்தாரோ, தெரு என்ன சொல்லியதோ, அதுதான் முடிவெடுத்தது.

அமெரிக்காவில் ஃபெரெட் என்று ஒரு பிராணியைச் செல்லமாக வளர்க்கிறார்கள். நீர்நாய் குடும்பம். பார்க்கக் கீரியும் அணிலும் கலந்த மாதிரி இருக்கும். அதற்கு அட்ரினல் சுரப்பியில் ஒரு நோய் வரும், முடியெல்லாம் கொட்டிவிடும். இரண்டு வழி உண்டு. சுரப்பியை ஆபரேஷன் செய்து எடுக்கலாம். அல்லது தோலுக்கடியில் ஒரு சின்ன மருந்துக் குச்சியை வைக்கலாம், பல மாதங்களுக்கு, சிலவற்றுக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் வேலை செய்யும். அப்புறம் திரும்ப வைக்க வேண்டும். இடது சுரப்பியை எடுப்பது சுலபம். வலது சுரப்பி பெரிய ரத்தக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் ஆபத்து அதிகம். எனவே வளர்ப்பவர் டாக்டரோடு உட்கார்ந்து வயது என்ன, எந்தப் பக்கம், எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்று பேசிப் பேசி முடிவெடுக்கிறார். கஷ்டமான முடிவுதான். ராத்திரித் தூக்கம் போகும். ஆனால் அவர் எதிரே இரண்டு கதவும் திறந்திருக்கிறது.

படவேட்டில் ஒரு கதவுதான். அந்தக் கதவில் எழுதியிருக்கும் பெயரைப் படியுங்கள். கால்நடை மருந்தகம். நம் கிராமப்புறங்களில் அரசு வைத்திருப்பது பெரும்பாலும் கால்நடை மருந்தகமும் அதற்குக் கீழே கிளை நிலையமும்தான். மருந்தகம் என்றால் மருந்து கொடுக்கிற இடம். பெயரிலேயே முடிவு எழுதப்பட்டுவிட்டது. ஸ்கேன், மயக்க மருந்து, ஆபரேஷன் மேஜை எல்லாம் வேண்டுமென்றால் பெரிய ஆஸ்பத்திரி தேடி டவுனுக்குப் போக வேண்டும்.

டாக்டர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு மருந்தகத்து டாக்டர் சினை ஊசி போட வேண்டும், கோமாரித் தடுப்பூசிக்கு ஊர் ஊராகப் போக வேண்டும், ஆட்டுக் குடற்புழு பார்க்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அவரை ஆபரேஷனும் செய் என்றால், எதை வைத்துச் செய்வார்? நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. நூற்றிருபது வருஷப் படிப்பு. 2019 அக்டோபரில் அங்கே ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஐந்தரை மணி நேர ஆபரேஷன். பசு பிழைத்தது. எந்த மருந்துக்கு அந்த 52 கிலோ கரைந்திருக்கும்?

பசு பேச்சு வந்ததால் படவேட்டுக்கே திரும்புகிறேன். ஆடிக் கூட்டம் போன பிறகு கோயில் பக்கம் நடந்து பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. தடை அரசாணையில் இருக்கிறது, பை தரையில் இருக்கிறது, மாடு பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு, அம்மன் ஊர் மாட்டுக்கு பிளாஸ்டிக்கைப் படைத்துவிட்டு வருகிறோம். வயிறு உப்பி மாடு படுத்தால் அதற்கும் முதலில் கஷாயம், அப்புறம் ஊசி, அப்புறம் வேண்டுதல். மாட்டை நிற்கவைத்தே, விலாப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, வயிற்றைத் திறந்து பிளாஸ்டிக்கை எடுக்க முடியும். அதற்குப் பளபளக்கும் தியேட்டர்கூட வேண்டியதில்லை. வேண்டியது கருவிப் பெட்டி, மருந்து, உதவிக்கு இரண்டு பேர், நேரம். அதைத்தான் கொடுக்க மாட்டேன் என்கிறோம்.

இனி, எதிர்த் தரப்பு.

“மனுஷனுக்கே வழியில்லை, நாய்க்கு ஆபரேஷனா?” என்பார்கள். இதை நான் ஒதுக்க மாட்டேன். ஜவ்வாது மலை மேலே பிரசவ வலியில் இருக்கிற பெண்ணைக் கீழே கொண்டுவருவதற்கே பாடாய்ப் படுகிற கிராமங்கள் உண்டு. அவர்களுக்கு முன்னால் நின்று நாயைப் பற்றிப் பேச எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம். அந்த மலைக்காரரிடம் போய்க் கேளுங்கள், உன் சொத்து என்ன என்று. நாலு ஆடு, ஒரு மாடு என்பார். அவருக்கு அதுதான் பேங்க், அதுதான் மகள் கல்யாணம், அதுதான் ஆஸ்பத்திரிச் செலவு. கத்தி பிடிக்கத் தெரிந்த டாக்டர் பக்கத்தில் இருந்தால் குட்டி போட முடியாமல் தவிக்கும் ஆடும் பிழைக்கும், பிளாஸ்டிக் தின்ற மாடும் பிழைக்கும். அதே மேஜையில் நாயும் பிழைத்துவிட்டுப் போகட்டுமே. நாய்க்குச் செய்யாமல் மிச்சம் பிடித்த காசில் மலைமேல் ஒரு பிரசவ வார்டு கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் சொல்லுங்கள்.

இன்னொரு தரப்பு நகரத்தில் இருக்கிறது. இவர்களுக்கு வசதி உண்டு, அன்பும் உண்டு, விட மட்டும் மனசு வராது. பதினான்கு வயது நாய், உடம்பெல்லாம் பரவிய புற்று, இருந்தும் இன்னொரு ஆபரேஷன், இன்னொரு கோர்ஸ் கீமோ. யாருக்காக? நாய்க்காகவா, நமக்காகவா? அறுப்பதா, மருந்தா என்ற கேள்விக்கு மூன்றாவதாக ஒரு பதில் உண்டு. வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது, அதுவும் முடியாத கட்டத்தில் டாக்டர் கையால் நிம்மதியாகத் தூங்கவைப்பது. இதைச் சொன்னால் “கொலையா பண்ணச் சொல்றீங்க?” என்று சண்டைக்கு வருவார்கள். படவேட்டில் சிகிச்சை கிடைக்காமல் நாய் துடிக்கிறது. அண்ணாநகரில் சிகிச்சை நிற்காமல் நாய் துடிக்கிறது. நாய்க்கு இரண்டும் வலிதான். அது பின்கோடு பார்ப்பதில்லை.

ஆகவே, வீட்டில் எந்தப் பிராணி படுத்தாலும் டாக்டரிடம் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள். ஒன்று, இது என்ன நோய், எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இரண்டு, மருந்து நோயைத் தீர்க்குமா, அல்லது தள்ளிப்போடுமா? மூன்று, ஆபரேஷன் என்றால் இந்த வயதுக்கும் இந்தச் சிறுநீரகத்துக்கும் மயக்க மருந்து தாங்குமா? நாலு, எத்தனை நாள் காத்திருக்கலாம்? இந்த நாலாவது கேள்வியைத்தான் நான் நண்பரிடம் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். அதைவிட்டு “ரெண்டு நாள் பாருங்களேன்” என்றேன். காத்திருப்பதும் ஒரு முடிவுதான் என்பது எனக்குத் தெரியவில்லை.

அரசாங்கத்திடம் கேட்பதும் பெரிய விஷயம் அல்ல. 1962-க்குப் போன் செய்தால் கால்நடைக்கு வண்டி வருகிறது. நல்ல திட்டம். அந்த வண்டியிலிருந்து தொடங்குங்கள். தாலுகாவுக்கு ஒரு இடத்தில், வாரத்தில் ஒரு நாள், இன்ன கிழமை ஆபரேஷன் என்று போர்டு எழுதுங்கள். மயக்க மருந்தும் தையல் நூலும் கொடுங்கள். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாளுக்கு நாய்த் தடுப்பூசி முகாம் போடுகிறீர்களே, அதே முகாமில் கிராமத்துப் பெண் நாய்களுக்குக் கருத்தடைக்கும் தேதி கொடுங்கள். கருத்தடை செய்து கர்ப்பப்பையை எடுத்த நாய்க்கு ராணிக்கு வந்த நோய் வர வழியில்லை. தெருவில் குட்டிகளும் குறையும், கறுப்பனுக்கு வந்த நோய் பரவுவதும் குறையும். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவில் எழுதி வைத்திருக்கிறோம். குடிமகன் இரக்கம் காட்டத் தயார். வாத்தியார் தயாராகத்தான் இருந்தார். இரக்கத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.

படவேட்டு அம்மன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பா சொன்னார் என்று பரசுராமன் தாயின் தலையை வெட்டினான். பிறகு அவனே வரம் கேட்டு உயிர்ப்பித்தான். வெட்டின தலை ஒட்டியதை நம்புகிற ஊர்க்காரர்கள், நாயின் வயிற்றை அறுத்துத் தைத்தால் பிழைக்கும் என்பதை நம்ப மறுக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பிழைத்த நாயை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை.

கிளம்பும்போது நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார்” என்றார். திண்ணையில் ஒரு பெண் குட்டி படுத்திருந்தது. அதுவும் செவலை, ராணி போன வருஷம் போட்டது. “இதுக்கு எப்ப கருத்தடை பண்ணலாம், எங்க பண்ணலாம்னு கேட்டுச் சொல்லுங்க சார்” என்றார். எப்போது என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லிவிட்டேன். எங்கே என்பதற்குத்தான் கால்நடை பராமரிப்புத் துறை பதில் சொல்ல வேண்டும்.